இறுக்காத போல்ட் நீளுமா?

தம்பி, இறுக்காத போல்ட் நீண்டதாகக் காட்டுகிறதே, கருவி பழுதா என்று கேட்டீர்கள். போல்ட்டுக்குள் மீயொலியை அனுப்பி, அது திரும்பும் நேரத்தை வைத்து நீளம் அளக்கும் உங்கள் கருவி பழுதில்லை. காலை ஆறரைக்கு, போல்ட் 12 பாகை செல்சியஸில் இருந்தபோது பூச்சியம் (தொடக்க அளவு) எடுத்திருக்கிறீர்கள். பிற்பகலில் போல்ட் 24 பாகை. இறுக்காமலே 300 மி.மீ. போல்ட் 0.4 மி.மீ. நீண்டதாகக் காட்டுகிறது. அதில் உண்மையான விரிவு 0.04தான். மீதியெல்லாம் சூட்டில் ஒலி மெதுவாவதால் வருவது. நுவரெலியாப் பக்கத்து மினி ஹைட்ரோவில் (சிறு நீர்மின் நிலையத்தில்) எனக்கும் இதே கதை நடந்தது. அன்று போல்ட்டைத்தான் திட்டினேன்.

இந்தப் பிழையைத் திருத்தப் போல்ட்டின் வெப்பநிலை தெரிய வேண்டும்; காந்தம் வைத்த வெப்ப உணரியைப் போல்ட் தலையிலேயே ஒட்டுங்கள். காற்றின் வெப்பநிலை உதவாது. மூட்டம் விலகி வெயில் விழுந்தால் அறை சூடாகும், இரும்பு உடனே சூடாகாது.

போல்ட்டை இறுக்கும்போது வரும் இழுவிசையிலும் ஒலி மெதுவாகும். அதனால் கருவி காட்டும் நீட்சி உண்மையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. புத்தகத்தில் உள்ள எண்ணை நம்ப வேண்டாம். அதே தொகுதியில் மூன்று போல்ட்டை, அதே பிடிநீளத்தில் (தலைக்கும் நட்டுக்கும் இடையில் இறுகும் நீளத்தில்), இழுவை இயந்திரத்தில் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் அளவைக் குறித்துக் கோடு வரையுங்கள். அந்தச் சாய்வுதான், கருவி காட்டும் நீட்சியை இழுவிசையாக மாற்றும் உங்கள் காரணி.

அப்புறம், தலை சொரசொரப்பாக இருந்தால் அரைத்துச் சமப்படுத்துங்கள். ஒலி தடையின்றி உள்ளே போகக் கிளிசரின் ஒரு சொட்டுப் போதும். ஒலியை அனுப்பும் புரோபை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வையுங்கள்.