நார்வே பண்ணை விடுதி: கேட்டதற்கெல்லாம் பதில்

குட்பிரான்ஸ்டாலன் பள்ளத்தாக்கில், பண்ணையை மாற்றி அமைத்த ஒரு விடுதியின் சமையலறையில் மூன்று கோடைகள் வேலை செய்திருக்கிறேன். அப்படி ஓர் இடத்தில் தங்கப்போகும் நண்பர்கள் கேட்டவற்றை இங்கே சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: பூட்டிக் ஹோட்டல் என்கிறார்கள், படத்தில் நாலைந்து மரவீடுகள் தள்ளித் தள்ளி நிற்கின்றன. இதில் ஹோட்டல் எது?

எல்லாம் சேர்ந்ததுதான். அந்த நாட்டுப் பண்ணையில் குடியிருக்க ஒரு வீடு, மாட்டுக்கு ஒன்று, தானியத்துக்கு ஒன்று, அடுப்பெரிக்க ஒன்று என்று தனித்தனியாகக் கட்டினார்கள். எல்லாமே மரம், ஒன்று பற்றிக்கொண்டால் மற்றவையாவது மிஞ்ச வேண்டுமே. நடுவில் இருக்கும் முற்றத்துக்குத் தூன் என்று பெயர்.

இதில் எனக்குப் பிடித்தது ஸ்டாபூர். நம் ஊர்ப் பத்தாயம் ஒரு வீடாகவே வளர்ந்தால் எப்படி இருக்கும், அதுதான். கால்கள் வைத்துத் தரையிலிருந்து தூக்கிக் கட்டியிருப்பார்கள். வாசலுக்கும் படிக்கட்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கும். கட்டியவர் கணக்குத் தப்பிவிட்டார் என்று நினைக்க வேண்டாம், எலி தாண்டி வரக்கூடாது என்று வைத்தது. உங்களுக்கு அங்கே அறை கிடைத்தால், இரவில் கழிப்பறைக்குப் போகும்போது மட்டும் அதை நினைவில் வையுங்கள்.

பெரிய களத்துவீட்டின் மேல்தளத்துக்கு ஒரு சரிவுப் பாலம் ஏறும். குதிரை வண்டி வைக்கோலோடு நேரே மேலே போய்விடும். அங்கிருந்து கீழே நிற்கும் மாடுகளுக்குத் தள்ளிவிடுவார்கள். இப்போது உங்களுக்கு மாடி அறை கிடைத்தால் வைக்கோல் கிடந்த இடம், கீழே கிடைத்தால் தொழுவம். வாடகையில் பெரிய வித்தியாசம் இருக்காது.

கேள்வி: அம்மாவுக்கு 70 வயது, முழங்கால் வலி. கூட்டிப் போகலாமா?

போகலாம், ஆனால் பழைய கட்டடத்தில் அறை வேண்டாம். படி ஏணி மாதிரி செங்குத்தாக இருக்கும். குளிர் உள்ளே வராமல் இருக்கக் கதவு நிலையைத் தாழ்வாகவும் வாசற்படியை உயரமாகவும் வைத்திருப்பார்கள். முதல் கோடையில் வாரத்துக்கு ஒருமுறையாவது நெற்றியை இடித்துக்கொண்டேன். புதிதாகக் கட்டிய பகுதியில் தரைத்தள அறை இருக்கிறதா என்று பதிவு செய்யும் முன்பே கேளுங்கள்.

கேள்வி: பிள்ளைகளுக்கு ஆடு மாடு காட்ட வேண்டும். பள்ளி விடுமுறை ஜூலையில்தான். சரிதானே?

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஜூன் மாதத்தில் ஆடுகளை மலைக்கு ஏற்றிவிடுவார்கள். செப்டம்பரில்தான் மந்தையைத் தேடித் திரட்டிக் கீழே ஓட்டிவருவார்கள். நடுவில் பண்ணைக்குப் போனால் வெறும் பட்டியைத்தான் பார்க்கலாம். "ஆடு எங்கே?" என்று அழுத ஒரு குழந்தைக்கு நான் வாஃபிள் சுட்டுக் கொடுத்துச் சமாதானம் செய்திருக்கிறேன்.

ஆட்டுக்குட்டி பார்க்க ஏப்ரல் கடைசி, மே மாதம் நல்லது. மே மாதத்தில் இன்னொன்றும் உண்டு. குளிர்காலம் முழுக்க உள்ளே நின்ற மாடுகளை முதல் நாள் வெளியே விடுவார்கள். கிழட்டுப் பசுகூடக் கன்று மாதிரி நாலு காலையும் தூக்கிக் குதிக்கும். அதைப் பார்க்கவே ஊர் கூடும். ஜூலைதான் முடியும் என்றால், கோழியோ குதிரையோ பண்ணையிலேயே இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். சில இடங்களில் விவசாயமே நின்றுபோய்க் கட்டடம் மட்டும்தான் இருக்கிறது, அதையும் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். மூன்று நாளும் ரொட்டியும் உருளைக்கிழங்கும்தானா?

அறை பதியும்போதே சொன்னால் அப்படி ஆகாது. இரவுக்குப் பெரும்பாலும் ஒரே மெனு, எல்லோருக்கும் ஒரே நேரம். சமையற்காரர் அன்றைக்கு வந்த ஆட்களை எண்ணித்தான் அடுப்பு மூட்டுவார். மேஜையில் உட்கார்ந்த பிறகு சொன்னால் அவரால் உருளைக்கிழங்குதான் தர முடியும். "மீனும் இல்லை, இறைச்சி வேகவைத்த சாறும் இல்லை" என்று இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். காய்கறி சூப்பில் அந்தச் சாறு இருக்கலாம்.

காலை உணவில் உங்களுக்குக் குறையே இருக்காது. பழுப்புப் பாலாடைக்கட்டி, அதாவது ப்ரூனுஸ்ட், கட்டாயம் இருக்கும். பாலைத் திரித்தபின் மிஞ்சும் நீரைச் சுண்டச் சுண்டக் காய்ச்சிச் செய்வது. சாப்பிட்டவுடன் திரட்டுப்பால் நினைவு வரும், கொஞ்சம் உப்புக் கரிக்கும் திரட்டுப்பால். அதில் பாலேடு சேர்த்து இன்றைய ருசிக்குக் கொண்டுவந்தவர் இதே பள்ளத்தாக்கின் ஆன்னே ஹோவ் என்ற பெண், 1863இல். (பால் திரிக்கக் கன்றின் வயிற்று நொதி போட்டிருக்கலாம். கண்டிப்பானவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.) புளித்த பாலேட்டில் மாவு போட்டுக் கிளறும் ரூம்மெக்ரூத் கஞ்சி கிடைத்தால் விடாதீர்கள், பட்டைத் தூளும் சர்க்கரையும் தூவித் தருவார்கள். பக்கத்தில் உப்புக்கண்டம் வைப்பது வழக்கம். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மோர் இல்லாமல் முடியாதவர்களுக்குக் கடையில் கல்தூர்மெல்க் என்று கெட்டி மோர் கிடைக்கும். ஊறுகாய் நீங்கள் கொண்டுபோனால்தான் உண்டு.

கேள்வி: விலை?

நான் பார்த்தவரை இருவர் அறைக்குக் காலை உணவோடு 2,500 குரோனருக்குக் குறைவது அபூர்வம், 4,500 வரை போகும். ஒரு குரோனரை எட்டு ஒன்பது ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு உணவு தனி. டிப்ஸ் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

கேள்வி: நல்ல பண்ணையை ஏன் ஹோட்டலாக்குகிறார்கள்? விற்றுவிட்டுப் போகலாமே?

விற்பது அவ்வளவு சுலபமில்லை. அங்கே ஊடெல் என்று ஒரு பழைய உரிமை இருக்கிறது. உச்சரிப்பில் நம் ஊடலுக்குப் பக்கம், குடும்பத்துக்குள் அதனால் வரும் சண்டையும் அப்படித்தான். தலைமுறையாக வரும் பண்ணை துண்டாகாமல் ஒரே பிள்ளைக்குப் போக வேண்டும். அதில் மூத்தவருக்கு முதல் உரிமை. 1974ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு மூத்தது பெண்ணானாலும் அவளுக்குத்தான், 1965 முதல் பிறந்தவர்களுக்கு இது பொருந்தும். வெளியாருக்கு விற்றால் உரிமை உள்ள உறவினர் ஆறு மாதத்துக்குள் பணம் கொடுத்து மீட்டுக்கொள்ளலாம். நம் ஊரில் பாகம் பிரித்துப் பிரித்து வரப்பு மட்டும் மிஞ்சுகிறது. அங்கே நிலம் பிரியாமல் நிற்கிறது, தம்பி தங்கைகள் வேறு வேலை தேடிப் போகிறார்கள்.

ஆனால் அந்த ஒருவருக்கும் நிலம் போதவில்லை. நாட்டின் பரப்பில் பயிர் செய்யும் நிலம் 3 சதவீதம் அளவுதான். 1969இல் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருந்த பண்ணைகள் இப்போது 40,000க்கும் கீழே. விற்க மனமில்லை, உழுது கட்டுப்படியாகவில்லை. காலியான தொழுவத்தில் கட்டில் போடுகிறார்கள். நான் வேலை செய்த இடத்தில் காலையில் டிராக்டர் ஓட்டியவரே மாலையில் வெள்ளைச் சட்டை போட்டு வைன் ஊற்றினார்.

கேள்வி: நார்வேயில் யார் நிலத்திலும் நடக்கலாமாமே?

1957ஆம் ஆண்டுச் சட்டம் கோடையில் காடு, மலை போன்ற திறந்தவெளிக்குத்தான் அந்த உரிமையைத் தருகிறது. வீட்டு முற்றம், வயல், வைக்கோலுக்கு விட்ட புல்வெளி எல்லாம் அதில் சேராது. கோடையில் முழங்கால் உயரத்துக்கு நிற்கும் புல் வெறும் புல்லாகத் தெரியும். அது மாட்டின் குளிர்காலச் சாப்பாடு. நெற்பயிரை மிதித்து யாராவது படம் எடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்? ஓரமாக நடங்கள். வேலிக்கதவு மூடியிருந்தால் தாண்டியதும் மூடுங்கள்.

கேள்வி: கார் இல்லாமல் முடியுமா?

ஒஸ்லோவிலிருந்து ரயிலில் இதே பள்ளத்தாக்கில் உள்ள ஓட்டா வரை வந்து பேருந்து மாறலாம். கடைசி ஐந்தாறு கிலோமீட்டருக்கு விடுதியிலிருந்து அழைத்துப்போக ஆள் வருவார்களா என்று கேளுங்கள். கார் எடுத்தால், இரத்தத்தில் 0.02 சதவீதத்துக்கு மேல் மது இருந்தாலே குற்றம், நம் ஊர் வரம்பைவிடக் குறைவு. இரவு உணவோடு குடித்தவர் காலையில் சாவியைத் தொட வேண்டாம்.

கேள்வி: ஏதாவது இடங்கள் சொல்லுங்கள்.

பழமை வேண்டும் என்றால் லோம் பக்கத்தில் பேவர்டாலனில் உள்ள ரோய்ஸ்ஹைம். 1858 முதல் விருந்தினர் தங்கும் பண்ணை, கரியேறிய மரவீடுகள். புதுமை வேண்டும் என்றால் வால்டால் அருகே ஜூவெத். பழைய பண்ணை நிலத்தில் கண்ணாடிச் சுவர் அறைகள் கட்டியிருக்கிறார்கள், சாப்பாடு மட்டும் பழைய தொழுவத்தில். எளிமையான இடம் போதும் என்றால் ஹானென் என்ற கிராமச் சுற்றுலா அமைப்பின் சேவல் சின்னத்தைத் தேடுங்கள்.

கேள்வி: காலை மேஜையிலிருந்து மதியத்துக்கு எடுத்துப் போகலாமா?

கேட்காமல் எடுத்தால் தப்பு. கேட்டால் சிறு தொகை வாங்கிக்கொண்டு நீங்களே கட்டிக்கொள்ளச் சொல்வார்கள். கட்டுச்சோறு அந்த ஊரிலும் பெரிய விஷயம். ரொட்டித் துண்டுகள் ஒட்டிக்கொள்ளாமல் நடுவே வைக்க அளவாக வெட்டிய காகிதமே விற்கிறார்கள். காலை மேஜையில் அந்தக் காகிதம் இருக்கும், இல்லாவிட்டால் சமையலறைக் கதவைத் தட்டுங்கள்.