அடகுக்குப் போகிற 6,250 ரூபாய் பேட்டரிக்குப் போகட்டும்

கேள்வி (தேவகோட்டை வாசகி): கணவருக்கு 54 வயது. இதயத் தசை தடித்திருக்கிறது, உயிருக்கு ஆபத்து வராமலிருக்க, ஆபத்தான துடிப்பை ஷாக் கொடுத்து அடக்கும் ஐ.சி.டி. கருவியை நெஞ்சில் வைக்கணும் என்கிறார் டாக்டர். அதிலிருந்து இதயத்துக்குப் போவது ஒரு ஒயர் என்றால் 4 லட்சம், இரண்டு ஒயர் 5.5 லட்சம். பேங்க் டெபாசிட் 4 லட்சம் இருக்கிறது. அதை யூலிப்பில் (முதலீடும் சேர்ந்த காப்பீட்டில்) போடச் சொல்கிறார் ஏஜென்ட். நாத்தனாரின் மூத்த பெண் கல்யாண முறைக்காக 18 சவரனை வைத்து வாங்கிய 5 லட்சம் கடன் அப்படியே நிற்கிறது. இளையவளுக்கும் அதே முறை கேட்கிறார். மீதி நகையையும் வைக்கலாமா?

பதில்: வைக்காதீர்கள் அம்மா. நீங்கள் அனுப்பிய அடகுச் சீட்டின் பின்பக்கம் நாலு புதுப்பிப்பு முத்திரை. நூற்றுக்கு ஒன்றேகால் வட்டி, மாதம் 6,250. நாலு வருஷத்தில் 3 லட்சம் கட்டியும் அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. இன்றைய விலைக்குப் பாதி நகையைவிடக் குறைவாக விற்றாலே கடன் அடைந்துவிடும். இந்த மாதமே மீட்டு விற்றுவிடுங்கள்.

இரண்டாவது ஒயர் எதற்கென்று டாக்டரிடம் கேளுங்கள். ஆபத்தான படபடப்பு வந்தால், ஷாக் கொடுக்கும் முன் அதைவிட வேகமாகச் சில துடிப்புகள் கொடுத்து வலியில்லாமல் அடக்கும் வசதி, இதயத்துக்குள் ஒயர் போகும் ஒற்றை ஒயர் கருவியிலேயே உண்டு. இதயத்தின் மேலறை துடிப்புக்கும் கீழறை துடிப்புக்கும் நடுவிலுள்ள நேரத்தைச் சுருக்கித் துடிக்க வைத்து, ரத்தம் வெளியேறும் வழியின் அடைப்பைக் குறைப்பதற்குத்தான் இரண்டு ஒயர் என்றால் கொஞ்சம் யோசிக்கணும். 1999-இல் வெளிவந்த ஆய்வில் 48 பேருக்கு அதை மூன்று மாதம் ஓடவிட்டு, மூன்று மாதம் நிறுத்திப் பார்த்தார்கள். எது எப்போது என்று அந்த நோயாளிகளுக்குத் தெரியாது. மொத்தத்தில் பெரிய வித்தியாசமில்லை, 65 தாண்டிய சிலருக்கே பலன். ஏறக்குறைய ஒவ்வொரு துடிப்பையும் கருவியே கொடுப்பதால் பேட்டரியும் சீக்கிரம் தீரும். ஆனால் நாடி மெதுவாக இருக்கிறது, அதனால் இரண்டு ஒயர் வேணும் என்று டாக்டர் சொன்னால் 1.5 லட்சத்துக்குக் கணக்குப் பார்க்காதீர்கள்; இன்னும் சில சவரன் போனாலும் போகட்டும்.

டெபாசிட் கருவிக்கு. யூலிப்பில் போட்டால் ஐந்து வருஷம் தொட முடியாது. உங்களுக்குப் பணம் இப்போது வேணும், அந்தப் பேச்சே வேண்டாம்.

பேட்டரி தீர்ந்தால் அது இருக்கிற கருவிப் பெட்டியையே மாற்றணும். எட்டு வருஷம் என்று வைத்துக்கொள்வோம். வட்டிக்குப் போன அதே 6,250-ஐ ஆர்.டி.யில் போட்டால் 96 மாதத்தில் அசல் மட்டுமே 6 லட்சம்.

நாத்தனாரிடம் நீங்கள் பேச வேண்டாம். உடன்பிறந்தவர் என்ற முறையில் உங்கள் வீட்டுக்காரரே சொல்லட்டும்: இளையவளுக்கு ஒரு சவரன், அதுவும் விற்றது போக மிஞ்சிய நகையிலிருந்து.