சொண்டில் மவுத்பீஸ் எங்கே இருக்க வேண்டும்?

கேள்வி: 10ஆம் தரத்தில் படிக்கிறேன். பாடசாலை பாண்டில் ஒன்றரை வருடமாக ட்ரம்பெற் ஊதுகிறேன். மவுத்பீஸ், அதாவது வாயில் வைத்து ஊதும் துண்டு, மேல் சொண்டில் பாதி, கீழ்ச் சொண்டில் பாதி, சரி நடுவில் இருக்க வேண்டும் என்கிறார் மாஸ்டர். எனக்கு முன்பல் ஒன்று முன்னுக்கு நிற்பதால் அது தானாகவே இடப்பக்கம் போகிறது. யூடியூப்பில் மூன்றில் இரண்டு பங்கு மேல் சொண்டில் வை என்கிறார்கள். மேல் ஜி ஸ்வரம் வரவே இல்லை, அரை மணித்தியாலத்தில் சொண்டு வீங்கிவிடுகிறது. இல்ல விளையாட்டுப் போட்டியும் வருகிறது. என்ன செய்ய?
- ஒரு மாணவன், கல்லடி

பதில்: தம்பி, இடப்பக்கம் போகிற கவலையை முதலில் விடுங்கள். மவுத்பீஸ் பல்லைத் தாங்கித்தான் நிற்கிறது, எல்லாருக்கும் பல்வரிசை ஒரே மாதிரி இல்லை. மாஸ்டர் சொன்ன நடு நல்ல தொடக்கம், ஆனால் உங்கள் பல் இரண்டு மில்லிமீற்றர் தள்ளிக் கொண்டுபோனால் அதுதான் உங்கள் இடம். மூன்றில் இரண்டு மேலே என்பது பிரெஞ்சு ஹார்ன்காரரின் வழக்கம். ட்ரம்பெற்றில் பாதிக்குப் பாதியும் உண்டு, மேலே கொஞ்சம் கூடவும் குறையவும் உண்டு. ஒன்றை மட்டும் கண்ணாடியில் பாருங்கள்: மவுத்பீஸ் வளையத்தின் மேல் விளிம்பு மேல் சொண்டின் சிவந்த பகுதியிலேயே ஏறி நின்றால் சொண்டு தாராளமாக அதிராது, சீக்கிரம் களைத்தும் போகும். அப்படியென்றால் கொஞ்சம் மேலே உயர்த்தி, விளிம்பு தோலில் படும்படி வையுங்கள்.

இடத்தைக் கண்டுபிடிக்க, 'அம்மா' என்று சொல்லத் தொடங்கி 'ம்'மில் நிறுத்துங்கள். கடைவாய் இரண்டும் இறுக்கமாக, நடு மெதுவாக, நாடி தட்டையாக, சொக்கை உப்பாமல் இருக்கட்டும். அப்படியே மவுத்பீஸை மட்டும் எடுத்து வைத்து ஊதுங்கள். வண்டு இரைகிற மாதிரி ஒரு சத்தம் தடங்கல் இல்லாமல் வருகிற இடம் எதுவோ, அங்கேயே வையுங்கள், கிழமைக்கு ஒரு இடமாக மாற்ற வேண்டாம். எனக்கு 14 வயதில் ஒருவர் இடத்தை மாற்றச் சொல்லி, மூன்று மாதம் ஒழுங்கான சத்தமே வராமல் அழுதிருக்கிறேன்.

உங்கள் உண்மையான பிரச்சினை மவுத்பீஸைச் சொண்டில் அமத்துவது. சின்ன விரலுக்கு ஒரு கொக்கி இருக்கிறதே, மேல் ஜி வரும்போது அதில் விரலை மாட்டி வாத்தியத்தை வாய்க்குள் இழுக்கிறீர்கள், ஊதி முடித்ததும் சொண்டில் வட்டமாக ஒரு தடம் ஆழமாகத் தெரியும், இல்லையா? அமத்தினால் சொண்டுக்கு இரத்தம் ஓடாது, வீங்கும், பிறகு எந்த ஸ்வரமும் வராது. நாளையிலிருந்து அந்த விரலைக் கொக்கிக்கு மேலே வைத்து ஊதுங்கள். கீழ் சி, ஜி, மேல் சி, ஈ, அதற்கு மேல் ஜி எல்லாமே வால்வு ஒன்றும் அமத்தாமல் வருகிற ஸ்வரங்கள். ஏறுவதைச் செய்ய வேண்டியது கடைவாயின் இறுக்கமும் வேகமான காற்றும், கை இல்லை. மேல் சொண்டுதான் கூட அதிர்வது, ஆகவே பாரத்தைக் கீழ்ச் சொண்டில் விடுங்கள்.

அப்புறம், ஊதிய அளவுக்கு ஓய்வும் வேண்டும், பத்து நிமிடம் ஊதினால் பத்து நிமிடம் சும்மா இருங்கள். லூயி ஆம்ஸ்ட்ராங்குக்கே சொண்டு காயப்பட்டு 1930களில் மாதக்கணக்கில் ஊதாமல் இருக்க வேண்டி வந்தது. விளையாட்டுப் போட்டிக்கு மேல் ஜி வராவிட்டால் மாஸ்டரிடம் சொல்லி இரண்டாவது ட்ரம்பெற் பகுதியைக் கேளுங்கள். அணிநடையில் பிசகாமல் அதை ஊதுவதே பெரிய வேலை.

கேள்வி: மகளின் ட்ரம்பெற்றில் மவுத்பீஸ் இறுகிவிட்டது. குறட்டால் திருகலாமா?
- ஒரு தாய், கல்முனை

பதில்: வேண்டாம் அக்கா! குறடு பிடித்தால் மவுத்பீஸ் கீறும், அது போகும் குழாயும் முறுகும். இதை இழுத்தெடுக்கவென்றே திருகு வைத்த ஒரு கருவி உண்டு, வாத்தியம் திருத்துகிற இடத்திலோ பாண்ட் மாஸ்டரிடமோ கேளுங்கள், ஒரு நிமிட வேலை. இனி வைக்கும்போது மெல்ல உள்ளே விட்டு ஒரு சின்னத் திருப்பு போதும், உள்ளங்கையால் தட்டி இறக்க வேண்டாம் என்று மகளுக்குச் சொல்லுங்கள்.