29 என்று வந்துவிட்டதே, இன்னொரு ஆபரேஷன் எதற்கு?

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. பித்தநாளத்தில் கல் அடைத்து மஞ்சள் காமாலை வந்தது. அப்போது எடுத்த சிஏ 19-9 ரத்தப் பரிசோதனையில் 410. எண்டோஸ்கோப்பி வழியாகக் கல்லை எடுத்தார்கள். காமாலை இறங்கியதும் லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையையும் எடுத்தார்கள். பயாப்ஸியில் புற்றுநோய், பிடி2 என்று வந்திருக்கிறது. மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் சிஏ 19-9 வெறும் 29. ஆனாலும் இன்னொரு பெரிய ஆபரேஷன் வேண்டும் என்கிறார் டாக்டர். ரத்தத்தில்தான் சரியாகிவிட்டதே, அது தேவையா? அம்மா இன்னும் எத்தனை வருஷம் இருப்பார்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: தேவை. 410 உங்களைப் பயமுறுத்தியது, 29 நிம்மதி தந்தது. எனக்கோ அந்த நிம்மதிதான் கவலையாக இருக்கிறது.

சிஏ 19-9 என்பது பித்தநாளங்களின் உள்தோலில் இயல்பாகவே சுரக்கும் ஒரு சர்க்கரைச் சங்கிலி. வழக்கமாகப் பித்தத்தோடு குடலுக்குப் போய்விடும். கல் வந்து நாளத்தை அடைத்தால் ரத்தத்தில் ஏறும். புற்றுநோயே இல்லாத காமாலையில்கூட நூற்றுக்கணக்கில் ஏறுவதைப் பார்க்கிறோம். ஆகவே 410-இல் கல்லின் பங்கு எவ்வளவு, கட்டியின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. அடைப்பு நீங்கியதும் அது இறங்கியதில் ஆச்சரியமும் இல்லை. 37-க்குக் கீழே இருந்தால் நார்மல் என்பது சரிதான். ஆனால் கொஞ்சம் செல்கள் மட்டும் மிச்சமிருந்தால் இந்தப் பரிசோதனை அதைக் காட்டாது.

இப்போது பார்க்க வேண்டியது பிடி2 என்ற சொல்லை. கட்டி பித்தப்பைச் சுவரின் தசையைத் தாண்டி, அதற்கு வெளியே உள்ள இணைப்புத் திசுவுக்குள் போய்விட்டது என்று பொருள். கல்லுக்காகப் பித்தப்பையை எடுக்கும்போது கல்லீரலிலிருந்து அதை உரித்தெடுப்பார்கள் அல்லவா? அந்த உரிக்கும் பாதையே இந்தத் திசுவின் வழியாகத்தான் போகிறது. கல்லீரல் பக்கம் பித்தப்பைக்குத் தனி வெளியுறை கிடையாது. புற்றுநோய் என்று தெரியாமல் செய்த ஆபரேஷன், எனவே யார் மீதும் தப்பில்லை. ஆனால் கல்லீரல் படுகையிலும் பக்கத்து நிணநீர்க் கணுக்களிலும் செல்கள் தங்கியிருக்க வாய்ப்பு உண்டு. கட்டி உள்தோலைத் தாண்டாமல் பிடி1ஏ என்று வந்து, வெட்டிய ஓரமும் சுத்தமாக இருந்திருந்தால், முதல் ஆபரேஷனே போதும் என்றிருப்பேன்.

இரண்டாவது ஆபரேஷனில், பித்தப்பை ஒட்டியிருந்த கல்லீரல் பகுதியையும் அங்குள்ள கணுக்களையும் எடுப்பார்கள். அதற்கு முன் நோய் வேறெங்கும் பரவவில்லை என்று சிடி ஸ்கேனில் உறுதி செய்வார்கள். முதல் ஆபரேஷன் முடிந்து நாலிலிருந்து எட்டு வாரத்துக்குள் செய்துவிடுவது நல்லது. கல்லீரல், பித்தநாள அறுவை நிபுணரிடமே போங்கள். பீகார், உத்தரப் பிரதேசம், அசாம் பக்கம் இந்த நோய் அதிகம், நம் ஊரில் குறைவு. அதனால் பொது அறுவை நிபுணர்கள் பலருக்கு இதில் பழக்கம் இருக்காது. போகும்போது ஆபரேஷன் குறிப்பையும் கேட்டு வாங்கிப் போங்கள். பித்தப்பை கிழிந்து பித்தம் சிந்தியதா, பையில் போட்டு வெளியே எடுத்தார்களா என்பது முக்கியம். மெழுகுக் கட்டியில் பதித்த பயாப்ஸித் திசுவையும் விட்டுவிடாதீர்கள். மறுபரிசீலனைக்கு அது வேண்டும். பின்னால் ஒருவேளை நோய் திரும்பினால், ஹெர்2 என்ற புரதம் செல்களில் மிகுதியா என்பது போன்ற சோதனைகளை அதில்தான் செய்வார்கள். ஹெர்2 மிகுதியாக இருப்பவர்களுக்கு அதைக் குறிவைக்கும் மருந்துகள் இப்போது உள்ளன.

அப்போ சிஏ 19-9 வீண்தானா? இல்லை. நூறு பேரில் ஐந்து முதல் பத்து பேருக்கு உடம்பு இதைத் தயாரிக்கவே தயாரிக்காது. கட்டி எவ்வளவு பெரிதானாலும் அவர்களுக்கு எண் ஏறாது. உங்கள் அம்மாவுக்கு ஏறியதால், கண்காணிப்புக்கு இது உதவும். சிகிச்சை முடிந்தபின் சில மாதங்களுக்கு ஒருமுறை, ஒரே லேபில், காமாலையைக் காட்டும் பிலிரூபின் அளவோடு சேர்த்துப் பாருங்கள். காமாலை இல்லாமலே அடுத்தடுத்து ஏறினால் ஸ்கேன் எடுக்க வேண்டும். ஒரே ஒரு தடவை 40 வந்ததற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

எத்தனை வருஷம் என்று கேட்டீர்கள். அந்தக் கணுக்களின் ரிப்போர்ட் வராமல் சொன்னால் அது ஜோசியம்தான். கல்லீரல் துண்டிலும் கணுக்களிலும் நோய் இல்லை என்று வந்தால், ஐந்து வருஷத்தைத் தாண்டி நன்றாக இருப்பவர்கள் பலர். கணுவில் இருந்தால் திரும்பும் ஆபத்து கூடும். ஆபரேஷனுக்குப் பிறகு கேப்சிடபின் என்ற கீமோதெரபி மாத்திரை ஆறு மாதம் தருவது வழக்கம். ரிப்போர்ட் வந்ததும் எத்தனை கணு எடுத்தார்கள், எத்தனையில் நோய் இருந்தது என்று எழுதுங்கள். அப்போது இன்னும் தெளிவாகச் சொல்கிறேன்.