அலெக்சாண்டர் பெயர் இருந்தால் அது செவ்வியல் கால நாணயமா?

கேள்வி: தரகர் ஒருவர் 17 கிராம் வெள்ளி நாணயம் ஒன்றை விலை பேசுகிறார். ஒரு பக்கம் சிங்கத்தோல் போர்த்திய தலை, மறுபக்கம் கழுகேந்தி அரியணையில் அமர்ந்த கடவுள். ‘ஆப்கானிஸ்தானில் கிடைத்த கிரேக்கச் செவ்வியல் காலத்து நாணயம், அலெக்சாண்டரே அடித்தது’ என்கிறார். சான்றிதழும் உண்டாம். நம்பலாமா?

பதில்: தலை கிரேக்கப் புராண வீரன் ஹெராக்ளீஸ், கடவுள் சியூஸ். அதுவரை சரி. செவ்வியல் காலம் என்பது கி.மு. 480-479இல் சலாமிஸிலும் பிளாட்டியாவிலும் பாரசீகர் தோற்றது முதல், கி.மு. 323இல் அலெக்சாண்டர் பாபிலோனில் இறந்தது வரை. அதற்குப் பிறகு வருவது ஹெலனிய காலம். நம் பாடநூல்கள் எல்லாவற்றையும் ‘பண்டைய கிரேக்கம்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டதால்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள்.

கிரேக்கர் பரவிய எல்லையும் இந்தக் கால எல்லையும் வேறு வேறு. சிசிலியின் சிராகூஸ், பிரான்ஸின் மார்சேய் ஆகிய கிரேக்கக் குடியேற்றங்கள் செவ்வியல் காலத்துக்கு முந்தியவை. ஆப்கானிஸ்தானின் ஐ கானும் நகரத்து அரங்கமும் உடற்பயிற்சிக் கூடமும் பிந்தியவை. பின்பக்கம் கரோஷ்டி (பண்டைய வடமேற்கு இந்தியப் பகுதியின் எழுத்துமுறை) இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அது கி.மு. 2ஆம் நூற்றாண்டோ அதற்குப் பிறகோதான்.

பெயரை வைத்தும் காலம் சொல்ல முடியாது. அலெக்சாண்டர் இறந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகவும் அவர் பெயரிலேயே அடித்தார்கள். கருங்கடல் கரையிலிருந்த மெசெம்ப்ரியா நகரம் கி.மு. 1ஆம் நூற்றாண்டிலும் அடித்தது. பிந்தியவை பெரும்பாலும் அகன்று மெலிந்திருக்கும்.

‘சியூஸின் கால்கள் சேர்ந்திருந்தால் அலெக்சாண்டர் காலம், ஒன்றன்மேல் ஒன்று போட்டிருந்தால் பிந்தியது’ என்ற சூத்திரத்தையும் சொல்வார்கள். அரைகுறை. எகிப்தில் அவர் உயிரோடிருக்கும்போதே கால் மாற்றிப் போட்ட சியூஸ் வந்துவிட்டார். மாசிடோனியாவில் அவர் இறந்த பின்னும் கால்கள் சேர்ந்தே இருந்தன. ஆகவே முதலில் எந்த நாணயச்சாலை என்று தெரிய வேண்டும். அதை அரியணைக்குக் கீழும் சியூஸுக்கு முன்னும் உள்ள சிறு குறிகளைப் பட்டியல் நூலோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். அந்த இடம் தேய்ந்திருந்தால் யாராலும் உறுதி சொல்ல இயலாது.

அதற்கும் முன்பாகப் போலியா என்று பாருங்கள். நல்ல நிலையில் எடை சுமார் 17.2 கிராம். நகைக்கடைத் தராசில் நிறுத்தபின், நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு நிறுங்கள். நல்ல வெள்ளி என்றால் எடை ஏறத்தாழ 1.65 கிராம் குறையும். 2 கிராம் குறைந்தால் உள்ளே வேறு உலோகம். விளிம்பில் கோடு போலத் தழும்பும், பரப்பில் ஊசிக்குத்துப் போன்ற குழிகளும் அச்சடிக்காமல் வார்த்தெடுத்த போலியின் அடையாளம். நல்ல வெள்ளியில் அச்சடித்த போலி இந்தச் சோதனைகளில் தப்பிவிடும்.

விற்பவரே எழுதிக்கொடுக்கும் சான்றிதழ் வெறும் காகிதம். நூறாண்டு கடந்த நாணயம் இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். அதை வணிகமாக விற்க உரிமம் வேண்டும். ‘ஆப்கானிஸ்தானில் கிடைத்தது’ என்பவரிடம் யார் வழியாக, எந்த ஆண்டு, எந்த ரசீதோடு இங்கே வந்தது என்று கேளுங்கள். ஐ கானும் பகுதியைக் குழி குழியாகத் தோண்டிச் சூறையாடியிருக்கிறார்கள். பதில் மழுப்பலாக வந்தால் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.