கடைத்தெருவில் ஐரோப்பாவுக்கு ஒரு மேசை: கடவுச்சீட்டு, அனுமதி, பயன்

வடமேற்கு லண்டனில் உள்ள ஹரோவில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "யாழ்ப்பாணத்தில் பிறந்து பிரான்சில் வளர்ந்தேன். பிரெஞ்சுக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறேன். 2014 முதல் குடும்பத்துடன் லண்டனில் இருக்கிறேன். ஐரோப்பியப் பிரசைகளுக்கான நிரந்தர வதிவிட அனுமதியான செட்டில்ட் ஸ்டேட்டஸ் கிடைத்துவிட்டது, அடுத்ததாகக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவிருக்கிறேன். மனைவி பிரித்தானியப் பிரசை. ஐரோப்பாவுடன் பிரித்தானியா நெருங்கிய உறவு வைத்திருக்க வேண்டும் என்று கோரும் உள்ளூர்க் குழுவில் சேர்ந்து, சனிக்கிழமைகளில் கடைத்தெருவில் மேசை போட்டுத் துண்டுப்பிரசுரம் கொடுக்க விரும்புகிறேன். எனக்கு அந்த உரிமை உண்டா? யாரிடம் அனுமதி பெற வேண்டும்? கோயில் மண்டபத்தில் கூட்டம் வைக்கலாமா? இவற்றால் உண்மையில் ஏதாவது நடக்குமா?"

முதற்கேள்விக்கான விடை எளிது. ஓர் அமைப்பில் சேர்வதற்கோ வீதியில் நின்று கருத்துச் சொல்வதற்கோ குடியுரிமை தேவையில்லை. 1998ஆம் ஆண்டின் மனித உரிமைகள் சட்டம் பேச்சுரிமையையும் ஒன்றுகூடும் உரிமையையும் கடவுச்சீட்டைப் பார்த்து வழங்கவில்லை. அரசியல் வேலை செய்த காரணத்தால் செட்டில்ட் ஸ்டேட்டஸ் போய்விடாது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ச்சியாக வெளிநாட்டில் தங்குவது, பாரதூரமான குற்றத்துக்காக நாடுகடத்தப்படுவது போன்றவைதான் அதற்கு ஆபத்து. ஆனால் குடியுரிமை விண்ணப்பத்தில் நன்னடத்தை ஆராயப்படும் என்பதை மறந்துவிடாதீர்கள். ஆர்ப்பாட்டத்திலோ மேசையடியிலோ பொலிசார் ஒரு நிபந்தனை விதித்தால், அது நியாயமற்றது என்று பட்டாலும் அந்த இடத்தில் பணிந்துவிட்டுப் பின்னர் எழுத்தில் முறையிடுங்கள். நீதிமன்றத் தண்டனை ஒன்று பதிவானால், விண்ணப்பத்தில் அதைக் கட்டாயம் குறிப்பிட வேண்டியிருக்கும்.

வாக்குரிமை சற்றுச் சிக்கலானது. நீங்கள் 2020 டிசம்பர் 31க்கு முன்பிருந்தே இங்கு சட்டபூர்வமாகத் தொடர்ந்து வசிப்பதால், ஹரோ கவுன்சில் தேர்தலிலும் லண்டன் மேயர் தேர்தலிலும் வாக்களிக்கலாம். பாராளுமன்றத் தேர்தலில் முடியாது. இலங்கைக் கடவுச்சீட்டுடன் இங்கு சட்டபூர்வமாக வசிக்கும் உறவினர் ஒருவருக்கோ பொதுநலவாய நாட்டுப் பிரசை என்ற வகையில் இரண்டிலும் வாக்கு உண்டு. 2016 ஜூன் 23 பொதுவாக்கெடுப்பிலும் இதே விதிதான்: ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா விலகுவதா என்ற கேள்விக்கு இங்கு வாழ்ந்த இலங்கையரும் இந்தியரும் விடை சொல்லலாம், பிரெஞ்சுக்காரரும் ஜேர்மனியரும் சொல்ல முடியாது என்றிருந்தது. விசித்திரமான ஏற்பாடுதான். அதற்காக ஒதுங்கிவிட வேண்டியதில்லை. பாராளுமன்ற உறுப்பினர் தமது தொகுதியில் வசிக்கும் எல்லோருக்கும் பிரதிநிதி. வாக்கில்லாதவரும் அவருக்கு எழுதலாம், அவரை நேரில் சந்திக்கலாம். பாராளுமன்ற இணையத்தள மனுக்களிலும் பிரித்தானியப் பிரசைகளுடன் இந்நாட்டில் வசிப்போர் எவரும் கையொப்பமிடலாம்.

அடுத்தது மேசை. பொது நடைபாதையில் ஒரு சிறு மேசை போட்டுத் துண்டுப்பிரசுரம் கொடுப்பதற்கு நாடு முழுவதற்குமான ஒரே அனுமதிப்பத்திரம் என்று எதுவும் இல்லை. இலவசத் துண்டுப்பிரசுரங்களைக் கட்டுப்படுத்தக் கவுன்சில்களுக்கு 1990ஆம் ஆண்டின் சுற்றாடல் பாதுகாப்புச் சட்டம் அதிகாரம் தருகிறது. அரசியல் நோக்கில் கொடுக்கப்படுபவற்றுக்கு அதே சட்டம் விலக்கும் அளிக்கிறது. வழியை மறிப்பது மட்டும் 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைகள் சட்டப்படி குற்றம். ஆகவே தள்ளுவண்டியில் குழந்தையுடன் வரும் தாயும் சக்கர நாற்காலியில் வருபவரும் தடையின்றிப் போக இடம் விட்டு மேசையைப் போடுங்கள். இதற்கு மேலாக, சில கவுன்சில்கள் பொது இடப் பாதுகாப்பு உத்தரவுகள் மூலம் ஒலிபெருக்கிக்கும் மேசைகளுக்கும் தனி விதிகள் வைத்திருக்கின்றன. குறிப்பிட்ட வீதிக்கு அப்படி ஒன்று உண்டா என்று கவுன்சிலிடம் முன்கூட்டியே மின்னஞ்சலில் கேளுங்கள். வந்த பதிலை அச்சிட்டு மேசையிலேயே வைத்திருங்கள். செயின்ட் ஆன்ஸ் வீதி பொது வழி. அதை ஒட்டிய வணிக வளாகத்தின் உட்பகுதி தனியார் நிலம், அங்கு நிர்வாகத்தின் சம்மதம் இல்லாமல் நிற்க முடியாது. ரயில் நிலையத்தின் வாயிலிலும் இதே எச்சரிக்கை வேண்டும், நடைபாதை எங்கே முடிகிறது, நிலையத்தின் நிலம் எங்கே தொடங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை.

பலர் தவறும் இடம் உண்டியல். வீதியில் பணம் சேர்ப்பதற்கு, அது பேட்ஜ் விற்று வரும் சில்லறையாக இருந்தாலும், பெரும்பாலான இடங்களில் தனி உரிமம் வேண்டும். தொடக்கத்தில் மேசையில் பணத்தைத் தொடவே வேண்டாம் என்பது என் ஆலோசனை.

ஐரோப்பாவுக்காக வேலை செய்யும் உள்ளூர்க் குழுக்கள் பல இடங்களில் 'பிரெக்ஸிட்டோமீட்டர்' என்ற பலகையைப் பயன்படுத்துகின்றன. ஆளுயரத்துக்குக் கிட்டிய அட்டையில் நாலைந்து கேள்விகள், ஒவ்வொன்றின் எதிரேயும் 'ஆம்', 'இல்லை', 'தெரியாது' என்ற கட்டங்கள். வழிப்போக்கர் கையில் ஒட்டும் வண்ணப் பொட்டு ஒன்றைக் கொடுத்தால் அவர் விரும்பிய கட்டத்தில் ஒட்டிவிட்டுப் போகிறார். துண்டுப்பிரசுரத்தை வாங்க மறுக்கும் கை, பொட்டை வாங்கிக்கொள்ளும். ஒட்டும்போது நிற்கும் அந்த அரை நிமிடத்தில்தான் பேச்சு தொடங்குகிறது. ஆனால் அதைக் கருத்துக்கணிப்பு என்று பத்திரிகைக்கு அனுப்பாதீர்கள். ஐரோப்பியக் கொடியின் நீல நிறத்தில் உள்ள மேசையைக் கண்டு நெருங்கி வருவோர் பெரும்பாலும் ஏற்கெனவே உங்கள் பக்கத்தினர். ஹரோவில் 2016இலேயே சுமார் 55 வீதத்தினர் ஒன்றியத்தில் நீடிக்க வாக்களித்தார்கள், பக்கத்து ஹில்லிங்டனில் விலகும் பக்கம் வென்றது. ஒரே பலகையை இரண்டு இடங்களிலும் வைத்தால் இரண்டு விதமான படம் வரும்.

மேசையில் கையொப்பம் வாங்குகிறீர்களா, மின்னஞ்சல் முகவரி வாங்குகிறீர்களா என்பதையும் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். மனுவில் ஒப்பமிட்டவருக்கு மாதாந்தச் செய்திமடல் அனுப்ப அது சம்மதம் ஆகாது. "எனக்கு மின்னஞ்சல் அனுப்பலாம்" என்று தனியாக ஒரு கட்டம் வைத்து, அவரே அதில் அடையாளமிட வேண்டும். படிவத்தை மேசையில் விரித்து வைத்தால் பின்னால் வருபவர் முன்னவரின் முகவரியைப் படித்துவிடுவார், எனவே ஆளுக்கு ஒரு சீட்டு நல்லது.

இனி "ஏதாவது நடக்குமா" என்ற கேள்விக்கு வருகிறேன். இதற்கு நான் சொல்லும் விடை உங்கள் குழுவினர் எல்லோருக்கும் பிடிக்காமல் போகலாம். 2019இல் பிரெக்ஸிட்டைக் கைவிடக் கோரிய மனுவில் 60 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டார்கள். லண்டன் வீதிகள் நிரம்பி வழிந்தன. 2020 ஜனவரி 31 அன்று நாடு ஒன்றியத்தை விட்டு வெளியேறியது. மீண்டும் இணைய விண்ணப்பிக்கக் கோரிய மனு 100,000 கையொப்பங்களைத் தாண்டி, 2025 மார்ச்சில் பாராளுமன்றத்தின் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் விவாதிக்கப்பட்டபோதும் அரசின் பதில் மாறவில்லை. 2024இல் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி தனது தேர்தல் அறிக்கையில் ஐரோப்பாவின் ஒற்றைச் சந்தை, சுங்க ஒன்றியம், சுதந்திர நடமாட்டம் மூன்றுக்கும் திரும்புவதில்லை என்று எழுதிவைத்தது. இந்நிலையில் "மீண்டும் இணையுங்கள்" என்று மட்டும் எழுதும் கடிதத்துக்கு அலுவலகத்தில் ஆயத்தமாக இருக்கும் பதில் கடிதம்தான் திரும்பி வரும்.

மாறாக, பேச்சுவார்த்தை மேசையில் ஏற்கெனவே இருக்கும் ஒன்றைப் பற்றிக் குறிப்பாகக் கேட்டால், பாராளுமன்ற உறுப்பினர் அதைப் பொறுப்பான அமைச்சருக்கு அனுப்ப வாய்ப்பு உண்டு. 2024 ஜனவரி முதல் பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் ஆய்வுத் திட்டத்தில் மீண்டும் பங்கேற்கிறது. 2025 மே 19 அன்று லண்டன் லங்காஸ்டர் மாளிகையில் நடந்த பிரித்தானிய–ஐரோப்பிய ஒன்றிய உச்சிமாநாட்டில் உணவு மற்றும் தாவரப் பொருட்கள் மீதான எல்லைச் சோதனைகளைக் குறைக்கும் உடன்படிக்கை, இளைஞர் அனுபவத் திட்டம், மாணவர் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸ் ஆகியவற்றை நோக்கி வேலை செய்ய இரு தரப்பும் இணங்கின. இவற்றை வீதி மேசைகள்தான் பெற்றுத்தந்தன என்று நான் சொல்லமாட்டேன்; ஆய்வு நிறுவனங்களும் வணிகர்களும் பல ஆண்டுகள் கதவு தட்டினார்கள். ஆனாலும் இத்தகைய ஒவ்வொரு பேச்சிலும் எண்ணிக்கை, கால எல்லை, கட்டணம் என்று இழுபறிப்படும் விவரங்கள் இருக்கும். தொகுதி மக்களின் குரலுக்கு எடை கிடைப்பது அங்கேதான்.

மேசையிலும் இப்படியே சிறிய விடயங்களைப் பேசுங்கள். உங்கள் வீட்டிலேயே உதாரணம் இருக்கிறது. பாரிசில் உள்ள தாயாருக்கு நோய் வந்தால் நீங்கள் எத்தனை மாதமும் கூட இருக்கலாம். பிரித்தானியக் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருப்பவர் சாதாரணப் பயணியாகப் போனால் 180 நாட்களில் 90 நாட்கள்தான். பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் இருக்கும் உறவினருக்கு இங்கிருந்து நெய்யோ பனீர் பாற்கட்டியோ பயணப் பையில் கொண்டுபோக இப்போது அனுமதியில்லை. ஜேர்மனியில் நடக்கும் அரங்கேற்றத்துக்கு லண்டனிலிருந்து மிருதங்கம் வாசிக்கப் போகும் கலைஞர், ஊதியம் வாங்குவதானால் அந்த நாட்டின் வேலை விதிகளைத் தனியாகப் பார்க்க வேண்டும். அடுத்த வாரம் பிரான்சில் கச்சேரி என்றால் விதிகளும் வேறு. ஒன்றியத்தை விட்டு விலகியதால் நீண்டகாலத்தில் உற்பத்தித்திறன் 4 வீதம் குறையும் என்ற, அரசின் நிதிநிலையைச் சுயாதீனமாக ஆராயும் பாதீட்டுப் பொறுப்பு அலுவலகத்தின் மதிப்பீடு கடிதத்துக்கு உதவும். கடைத்தெருவில் காய்கறிப் பையுடன் நிற்பவரை அது நிறுத்தாது. விலகுவதற்கு வாக்களித்தவர் வந்தால், 2016 விவாதத்தை மறுபடி நடத்தாதீர்கள். அவருடைய பேரப்பிள்ளை எராஸ்மஸில் படிக்கப் போவதை அவரும் விரும்பலாம்.

கடிதம் எழுதுவதற்கு முன் அஞ்சற் குறியீட்டைப் பாருங்கள். 2024 தேர்தலில் ஹரோ மேற்கில் தொழிற்கட்சியின் காரெத் தோமஸும், ஹரோ கிழக்கில் கன்சர்வேட்டிவ் கட்சியின் பொப் பிளாக்மனும் தெரிவானார்கள். பிளாக்மன் 2016இல் விலகும் பக்கம் நின்றவர். முன்னவரிடம் "உங்கள் அரசு தொடங்கியதை விரைவாக முடியுங்கள்" என்று கேட்கலாம். பின்னவரிடம் தொகுதியில் உள்ள ஒரு கடைக்காரரின் இறக்குமதிச் சிக்கலைச் சொல்லித் தீர்வு கேட்பது பொருத்தம். இருவருக்கும் ஒரே கடிதம் அனுப்புவது தபாற்செலவுக்குத்தான் கேடு. முழு முகவரியை எழுதுங்கள், ஒரே கோரிக்கையோடு நிறுத்துங்கள், குழுவின் மாதிரிக் கடிதத்தை அப்படியே பிரதி எடுக்காதீர்கள். பத்துப் பேர் தம் சொந்தச் சொற்களில் எழுதியவை தனித்தனியே படிக்கப்படும்; ஒரே வாசகத்தில் வரும் நூறு கடிதங்களுக்கு ஒரு பதில் போதும் என்று அலுவலகம் முடிவு செய்துவிடும்.

கவுன்சிலுக்கு வெளிநாட்டுக் கொள்கையில் அதிகாரம் இல்லை. ஆனால் ஹரோவுக்குப் பிரான்சின் துவே நகருடன் இரட்டை நகர உறவு உண்டு. மே 9, ஐரோப்பா தினத்தன்று அந்த உறவை முன்னிட்டுப் பாடசாலைகளுக்கிடையே ஏதாவது செய்யும்படி உங்கள் வட்டார உறுப்பினரிடம் கேளுங்கள். இது நீங்களே வாக்களிக்கக்கூடிய இடம், பிரெஞ்சும் தமிழும் தெரிந்தவர் கேட்கும்போது மறுப்பதும் கடினம்.

கோயில் மண்டபத்தில் மட்டும் அவசரப்பட வேண்டாம். இந்நாட்டில் பெரும்பாலான கோயில்களும் தமிழ்ப் பாடசாலைகளும் பதிவுசெய்யப்பட்ட தொண்டு நிறுவனங்கள். அவை தமது நோக்கத்தை ஒட்டிய விடயங்களில் மட்டுமே பரப்புரை செய்யலாம், எந்தக் கட்சிக்கும் ஆதரவளிக்கக் கூடாது என்பது தொண்டு நிறுவன ஆணையத்தின் விதி. வெளியாருக்கு வழக்கமாக விடும் வாடகைக்கு உங்கள் குழு மண்டபத்தை எடுத்துக்கொள்வது வேறு. அர்ச்சனைக்குப் பின் ஒலிவாங்கியில் கூட்டத்தை அறிவிப்பதும், "கோயில் நடத்தும் ஐரோப்பா கூட்டம்" என்று அச்சிடுவதும் வேறு. இரண்டாவது, அறங்காவலர்களைச் சிக்கலில் மாட்டிவிடும். கோயிலின் வாட்ஸ்அப் குழுவிலுள்ள எண்களை எடுத்து உங்கள் பட்டியலில் சேர்ப்பதும் கூடாது. அவை பூசை விபரம் அறிவதற்காகக் கொடுக்கப்பட்டவை.

ஊர்வலம் என்றால், பாதையுடன் பொலிசாருக்கு ஆறு முழு நாட்களுக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும்; ஒரே இடத்தில் நிற்கும் கூட்டத்துக்கு அந்தக் கடமை இல்லை. லண்டனில் நடக்கும் பேரணிகளில் இதை ஏற்பாட்டாளர் பார்த்துக்கொள்வார்.

தேர்தல் நெருங்கும்போது கணக்கு மாறும். பாராளுமன்றத் தேர்தலில் ஒரு வேட்பாளரை ஆதரித்தோ எதிர்த்தோ, கட்சி சாராத உள்ளூர்க் குழு அத்தொகுதியில் 700 பவுணுக்கு மேல் செலவிட முடியாது. நாடளாவிய பரப்புரையில், தேர்தலுக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் செலவு 10,000 பவுணைத் தாண்டுமானால் தேர்தல் ஆணைக்குழுவிடம் பதிவு செய்ய வேண்டும். பல குழுக்கள் சேர்ந்து ஒரே திட்டத்தில் இயங்கினால் எல்லோருடைய செலவும் கூட்டிப் பார்க்கப்படும். வாக்காளரின் மனதை மாற்றும் நோக்குடைய அச்சுப் பிரசுரத்தில் அச்சிட்டவர், வெளியிட்டவர், யார் சார்பில் வெளியிடப்பட்டது ஆகிய பெயர்களும் முகவரிகளும் கட்டாயம் இருக்க வேண்டும். கட்சிக்கோ வேட்பாளருக்கோ ஆதரவு அல்லது எதிர்ப்புத் திரட்டும் கட்டண இணைய விளம்பரங்களுக்கும் 2023 நவம்பர் முதல் இத்தகைய விதி உண்டு. தேர்தல் இல்லாத காலத்திலும் அந்தப் பெயர், முகவரிகளை ஒவ்வொரு துண்டுப்பிரசுரத்தின் அடியிலும் போட்டுவிடுங்கள். ஆனால் உங்கள் வீட்டு முகவரியைக் கொடுக்காமல், குழுவின் முகவரியையே கொடுங்கள்.