அரோரா பார்க்க இத்தனை பேர் வந்தும் வட கனடாவின் சிற்றூர்கள் ஏன் குறைபட்டுக்கொள்கின்றன?

கேள்வி: கனடாவின் வடமேற்குப் பிரதேசத்துக்கு அரோரா (இரவு வானில் தெரியும் வண்ண ஒளி) பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் போகிறார்கள். அப்படியும் அங்குள்ள சிற்றூர்களின் சட்டமன்ற உறுப்பினர்கள் வருமானம் இல்லை, சுற்றுலா வளரவில்லை என்று பேசிக்கொண்டே இருக்கிறார்களே, ஏன்?

அந்தப் பிரதேசத்தின் தலைநகர் எல்லோநைஃபில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் நான்கு வருடம் உட்கார்ந்திருந்தவன் என்கிற தகுதியில் இதற்குப் பதில் எழுதுகிறேன்.

அரோரா பார்க்க வருகிறவர் விமானத்தில் எல்லோநைஃபில் இறங்குவார். மூன்று நான்கு இரவு தங்குவார். வாடகைக்குக் கனத்த கோட்டும் பூட்ஸும் எடுத்துக்கொண்டு, இரவு வேனில் ஊருக்கு வெளியே போய் வானத்தைப் பார்ப்பார். பிறகு விமானம் ஏறிவிடுவார். அவர் செலவழித்த காசு முழுவதும் அந்த ஒரே ஊரில் நின்றுவிடும். பிரதேசத்தில் மொத்தம் 33 ஊர்கள். 2021 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 41,000 சொச்சம், அதில் பாதி எல்லோநைஃபிலேயே இருக்கிறது. மற்ற ஊர்கள் சிலவற்றில் முந்நூறு பேர்கூடத் தேறமாட்டார்கள்.

சட்டமன்றத்தில் 19 உறுப்பினர்கள். கட்சி என்பதே கிடையாது. ஜெயித்து வந்தவர்கள் தங்களுக்குள்ளேயே முதல்வரையும் அமைச்சர்களையும் தேர்ந்தெடுப்பார்கள். மீதிப் பேர்தான் கேள்வி கேட்கும் தரப்பு. 19 இடங்களில் ஏழு எல்லோநைஃபுக்கு. விடுமுறை நாளில் பொழுதுபோகாமல் பார்வையாளர் மாடத்துக்கு நான் சில தடவை போயிருக்கிறேன் (குளிரில் இலவசமாகச் சூடாக உட்கார அது நல்ல இடம்). உறுப்பினர் அறிக்கை என்று ஆளுக்கு இரண்டரை நிமிடம் தருவார்கள். சிற்றூர்க்காரர்கள் அதற்குள் சாலை, விமானக் கட்டணம், வீடு, வேலை என்று எல்லாவற்றையும் திணித்துவிடுவார்கள். சுற்றுலா தனியாக வருவதே இல்லை, இவற்றின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் வரும். ஏன் என்று எனக்கு முதலில் புரியவில்லை. டுக்டோயாக்டுக் போய் வந்த பிறகுதான் புரிந்தது.

டுக்டோயாக்டுக்கை எல்லோரும் ‘டுக்’ என்றுதான் சொல்வார்கள். ஆர்க்டிக் கடற்கரையில், இனுவியலுயிட் என்கிற பழங்குடி மக்களின் ஊர்; ஆயிரம் பேருக்குள்தான் இருக்கிறார்கள். முன்பு குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேலும் கடலின் மேலும் போடும் பனிச்சாலைதான் வழி. 2017 நவம்பரில், தெற்கே இருக்கும் இனுவிக் என்கிற ஊரிலிருந்து ஏறக்குறைய 140 கிலோமீட்டருக்கு, வருடம் முழுவதும் ஓட்டக்கூடிய சரளைச் சாலை திறந்தார்கள். செலவு 30 கோடி டாலர் அளவுக்கு ஆனது. கனடாவில் ஆர்க்டிக் பெருங்கடல் வரைக்கும் பொதுச் சாலையில் காரிலேயே போகலாம் என்றால் அது இந்த வழியில்தான். வேறென்ன வேண்டும், ஊர் பிழைத்துக்கொள்ளும் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

நானும் ஒரு ஜூலையில் இனுவிக்குக்கு விமானத்தில் போய், அங்கே ஒரு பிக்கப் வண்டியை வாடகைக்கு எடுத்து ஓட்டிக்கொண்டு போனேன். நடுவழியில் டயர் ஒன்று பஞ்சர். மாற்றிவிட்டு டுக் போய்ச் சேர்ந்து, ஆர்க்டிக் பெருங்கடல் என்று எழுதிய பலகையின் பக்கத்தில் நின்று படம் எடுத்தேன். கடலில் கால் வைத்தேன், மூன்று நொடிதான் தாங்க முடிந்தது. தூரத்தில் பிங்கோ என்கிற பனிக்கரு மலைக்குன்றுகளைப் பார்த்தேன். அவற்றில் பெரியது இபியுக், ஏறக்குறைய 50 மீட்டர் உயரம். அப்புறம் புகையில் உலர்த்திய மீன் விற்றுக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் ஒரு பொட்டலம் வாங்கினேன். எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்டார். இனுவிக்கில் என்றேன். அவர் சிரித்துவிட்டு, “எல்லோரும் அப்படித்தான். வருகிறார்கள், காலை நனைக்கிறார்கள், கழிப்பறை எங்கே என்று கேட்கிறார்கள், போய்விடுகிறார்கள்” என்றார்.

அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். (இரவு என்பது ஒரு பேச்சுக்குத்தான், அந்த மாதத்தில் அங்கே பெரும்பாலும் சூரியன் மறையாது.) ஹோட்டல், வண்டி வாடகை, பெட்ரோல், பஞ்சர், இரண்டு வேளைச் சாப்பாடு எல்லாம் இனுவிக்குக்கு. டுக்குக்கு நான் கொடுத்தது அந்த மீனுக்கான 25 டாலர். போட்ட குப்பையும் கழிப்பறைச் செலவும் அந்த ஊர்க் கணக்கில்.

சரி, அங்கேயே விடுதி கட்டவேண்டியதுதானே என்றால், யார் கட்டுவது? சிற்றூர்களில் நிறைய வீடுகள் அரசு வாடகை வீடுகள். அதில் ஓர் அறையைப் பயணிக்கு விட முடியாது. சொந்தமாகக் கட்டலாம் என்றால் நிலம் உறைமண், அதாவது கோடையிலும் அடியில் உறைந்தே கிடக்கும் மண்; தூண் அடித்துத்தான் வீட்டை நிறுத்தவேண்டும், சாமான் எல்லாம் தெற்கிலிருந்து வரவேண்டும். தெற்கிலிருந்து இனுவிக்குக்கு வரும் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலையில் பீல், மெக்கன்சி என்று இரண்டு ஆறுகளுக்குப் பாலமே இல்லை. கோடையில் படகு, குளிரில் பனிப்பாதை. ஆறு உறையும் காலத்திலும் உடையும் காலத்திலும் சில வாரங்கள் எதுவுமே இல்லை. இவ்வளவையும் தாண்டிக் கட்டினால், சாலைப் பயணிகள் வருவது இரண்டரை மாதம். எந்த வங்கி கடன் கொடுக்கும்? அரசு உதவித்தொகை உண்டு, ஆனால் அந்தப் படிவத்தை நிரப்பவே ஒரு கணக்காளர் தேவைப்படுகிறார், கணக்காளர் எல்லோநைஃபில் இருக்கிறார்.

டுக்குக்காவது சாலை இருக்கிறது. டுக் இருக்கும் அதே நுனாக்புட் சட்டமன்றத் தொகுதியில் உள்ள சாக்ஸ் ஹார்பர், பௌலடுக், உலுக்ஹாக்டோக் மூன்றுக்கும் விமானமும் கோடைக் கப்பலும்தான். 2016 ஆகஸ்டில் கிரிஸ்டல் செரினிட்டி என்கிற சொகுசுக் கப்பல் உலுக்ஹாக்டோக்குக்கு வந்தது. ஊரில் இருப்பது நானூறு பேர், கப்பலில் ஆயிரம் பயணிகள்! சில மணி நேரம், கொஞ்சம் கைவினைப் பொருள் விற்பனை, பிறகு கப்பல் போய்விட்டது. மறு நாள் அங்கே என்ன வியாபாரம் இருந்திருக்கும்?

இப்போது குரல் கூடுதலாகக் கேட்பதற்குக் காரணம் வைரம். எகாடி, டயவிக், காச்சோ குவே சுரங்கங்கள்தான் இத்தனை வருடம் தனியார் வேலைக்குப் பெரிய ஆதாரம். டயவிக் 2026-இல் உற்பத்தியை முடித்துக்கொள்வதாக முன்பே அறிவித்திருந்தது. சுரங்கம் போனால் சுற்றுலா இருக்கிறது என்று மேடையில் சொல்வது சுலபம். ஆனால் சுற்றுலாவும் நிலையானதல்ல. 2023 ஆகஸ்டில் காட்டுத்தீயால் எல்லோநைஃப் ஊரையே காலி செய்தார்கள், எங்கள் ஹோட்டலும் பூட்டித்தான் கிடந்தது. அதே தீக்காலத்தில் என்டர்பிரைஸ் என்கிற சின்ன நெடுஞ்சாலை ஊர் பெரும்பகுதி எரிந்துபோனது. வழிப்போக்கரை நம்பியிருந்த ஊர் அது.

ஆகவே அந்த உறுப்பினர்கள் கேட்பது பெரும்பாலும் விளம்பரம் அல்ல. படுக்கை, பாலம், ஒரு நல்ல கழிப்பறை, அதைக் கழுவுகிறவருக்குச் சம்பளம்.

நீங்கள் டுக் போவதாக இருந்தால் ஒரு இரவாவது அங்கேயே தங்கப் பாருங்கள். அறைகள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான், முகாம் இடமும் உண்டு, முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ரொக்கமும் கூடுதல் டயரும் மறக்கவேண்டாம். மீன் உப்பாக இருக்கும், ஆனால் ருசி.